தூக்கத்துக்கு ஒரு மருந்து

“குழந்தை தூங்குறதுக்கு ஒரு மருந்து குடும்மா. சொட்டு மருந்தா இருந்தாலும் சரி.”

மருந்துக் கடைக்காரம்மா கையிலிருந்த அட்டைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவரைப் பார்த்தாள். நெட்டையான ஆள், தோளில் துண்டு. காலமெல்லாம் லாரி ஓட்டியதில், ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வெயிலில் வெந்து கருத்துப் போயிருந்தது.

“குழந்தைக்கு எத்தனை மாசம்?”

“மூணு முடிஞ்சு நாலு நடக்குது. பேரன்.”

“இந்த வயசுக்குத் தூக்க மருந்தெல்லாம் கிடையாதுங்க ஐயா. கொடுக்கவே கூடாது.”

பெரியவருக்கு இருமல் வந்தது. காலி டிரம்மைப் படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு சத்தம். கண்ணாடி அலமாரிக்குள் பாட்டில்கள் கிணுகிணுத்தன.

இருமி முடித்தும் அவர் நகரவில்லை. இல்லாத கோளாறைச் சொல்லிச் சாமானை விற்கிற மெக்கானிக்குகளை வேண்டிய மட்டும் பார்த்தவர். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு விற்க மாட்டேன் என்கிறவளை இப்போதுதான் பார்க்கிறார். இதிலும் ஏதோ உள்வேலை இருக்கும் என்று பட்டது.

“முதல்ல உங்க இருமலைப் பாருங்க” என்றாள் அவள்.

“அதானே பாத்தேன். என் தலையில எதையாவது கட்டப் பாக்குற. நான் பழைய வண்டிம்மா, சத்தம் வரத்தான் செய்யும். நீ புது வண்டியப் பத்திப் பேசு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “சரி, பேசுங்க. தூக்கம் எப்படி?”

“பகல்லயாவது கொஞ்சம் தூங்குறான். ராத்திரிதான் மோசம். நான் எப்ப முழிச்சாலும் அவனும் முழிச்சுக்கிட்டு அழுவுறான். தாத்தன் முழிச்சா பேரனும் முழிச்சுக்கறான், பாத்துக்க. ரத்தம் அப்படி.” கடைசி வார்த்தையில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“இந்த வயசுல ராத்திரி முழிக்கிறது சகஜம்தான். பால் குடிக்கிறானா?”

“ஓயாம குடிக்கிறான். கொஞ்ச நேரம் சத்தமில்ல, மறுபடி அழுகை. பால் பத்தலையோன்னு எனக்குப் பயமா இருக்கு.”

“ஒண்ணுக்கு நல்லாப் போறானா? கொடியில ஈரத்துணி எவ்வளவு தொங்குது?”

“கொடியே தெரியாத அளவுக்குத் தொங்குது.”

“அப்ப பால் உள்ள போகுதுன்னு அர்த்தம். கவலைப்படாதீங்க.”

“எச்சில்? தொட்டி ஓட்டை மாதிரி ஒழுகுது. அம்மாக்காரி தோள் எந்நேரமும் ஈரம். வண்டியில ஆயில் ஒழுகினா விட்டுருவமா? உள்ள ஏதோ கழண்டிருக்குன்னுதானே அர்த்தம்?”

“குழந்தை வண்டி இல்லீங்க ஐயா. இந்த வயசுல எச்சில் ஊறும், முழுங்கத் தெரியாது, அதனால வழியும். துடைச்சு விட்டாப் போதும். கழுத்து மடிப்புல சிவந்திருக்கா?”

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “தெரியல.”

“பால் குடிச்சதும் ஏப்பம் விடுறானா?”

“கேக்கல.”

“தூக்குனா முன்னைக்கு இப்ப கனமா இருக்கானா?”

பெரியவர் துண்டை மடித்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். வெளியே ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

“குழந்தைய ஒரு தடவை இங்க தூக்கிட்டு வாங்களேன். எடை மெஷின் இருக்கு, பாத்துருவோம்.”

“எங்க தூக்கறது?” பெரியவர் மேசையைப் பார்த்தே பேசினார். “நான் அவனைத் தொட்டதே இல்லம்மா. கட்டிக்கப் போறவன் மேல எனக்கு நம்பிக்கை இல்லன்னு மக கிட்ட சொன்னேன். கேக்கல. என் வீட்டுக்குக் குறுக்க சுவத்தக் கட்டி, அந்தப் பாதிய எடுத்துக்கன்னு விட்டுட்டேன். கோபத்துல ஒத்தைச் செங்கல் வச்சு மெல்லிசா நானே கட்டுனது. அதுல இருந்து ரெண்டு பேருக்கும் பேச்சில்ல. அழுகை மட்டும் சுவத்தத் தாண்டி வருது. படுத்துக்கிட்டே கேட்டுக்கிட்டிருப்பேன். அந்தப் பக்கம் போய் என்னன்னு கேக்க எனக்கு வாய் வரல. அதான் இங்க வந்து நிக்கிறேன்.”

கடைக்காரம்மா அவரையே பார்த்தாள். அந்த உயரத்தைப் பார்த்தாள், கருத்த கையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். மேல் தட்டில் தனியாக எடுத்து வைத்திருந்த ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

“நீங்க கேட்ட தூக்க மருந்து.”

பெரியவர் பாட்டிலைத் தள்ளிப் பிடித்து, எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் சுளித்தது. “இருமல் மருந்துன்னுல்ல போட்டிருக்கு. என்னைப் படிக்கத் தெரியாதவன்னு நினைச்சியா? பேரனுக்கு இருமலே இல்ல.”

“குடிக்க வேண்டியது பேரன் இல்ல, நீங்க” என்றாள் அவள். “போன வாரம் ஒரு பொண்ணு தோள்ல குழந்தையோட வந்து இதை வாங்கி வச்சுட்டுப் போச்சு. ‘அப்பா இருமுறப்பல்லாம் பிள்ளை திடுக்குன்னு முழிச்சு அழுவுது. நான் குடுத்தா வாங்க மாட்டாரு. இந்தக் கடைக்கு என்னைக்காவது வருவாரு, நெட்டையா இருப்பாரு, ஒரு கை மட்டும் கருத்திருக்கும், நீங்க குடுக்குற மாதிரி குடுத்துருங்க’ன்னு சொல்லுச்சு.”

பெரியவர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. துண்டை வாயில் அழுத்திப் பிடித்து, சத்தம் வெளியே வராமல் இருமினார்.

“படியிறங்கின பொண்ணு திரும்பி வந்து இன்னொண்ணும் சொல்லிட்டுப் போச்சுங்க ஐயா. ‘இருமல் நின்னா பிள்ளை தூங்கிருவான். ஆனா அந்தச் சத்தம் கேக்காட்டி எனக்குத் தூக்கம் வராது. அதனால, மருந்து குடிச்சதும் என் கதவைத் தட்டி, நல்லா இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுக்கச் சொல்லுங்க’ன்னு.”