நான்கு பக்கமும் கோடு

மறுபடியும் டீ வைக்க வேண்டியிருந்தது.

வாசலில் இன்னொரு ஜோடிச் செருப்பு சேர்ந்திருந்தது. சித்தப்பா வந்துவிட்டார்.

அவள் பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தாள். கத்தரிக்கோலைத் தேடப் பொறுமை இல்லை.

நாளைக்குத் தம்பி மாறனுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. அதற்குத்தான் இத்தனை பேர். முந்தின சாயங்காலம் பிள்ளையைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லாவிட்டால் இவர்களுக்குத் தூக்கம் வராது. விடியற்காலையில் எழுந்து படித்தால்தான் மண்டையில் நிற்கும் என்றார் பக்கத்து வீட்டு மாமா. விடியற்காலையில் எழுந்தால் பரீட்சை ஹாலில் தூங்கி வழிவான் என்றாள் விபூதியோடு வந்திருந்த அத்தை. வெண்டைக்காய் சாப்பிட்டாயா என்று மட்டும் இருவரும் ஒற்றுமையாகக் கேட்டார்கள்.

மாறன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

கேபிள் கனெக்‌ஷனைத் தை மாதமே பிடுங்கியாகிவிட்டது. குக்கர் இரண்டாவது விசில் அடிப்பதற்குள் அம்மா ஓடிப்போய் அடுப்பை அணைக்கிறாள். பிள்ளை படிக்கிறான்.

நாளைக்கு அவளுக்கும் அதே பரீட்சை.

அதே கேள்வித்தாள். அதே நேரம். அவனுக்கு அவன் பள்ளிக்கூடத்திலேயே சென்டர். அவள் போன வருஷம் கணக்கில் போனவள், தனித்தேர்வர். பஸ் பிடித்து அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.

இது யாருக்கும் தெரியாமல் இல்லை. ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

டீயை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். சித்தப்பா மாறன் கையில் ஒரு புது ஸ்டீல் ஸ்கேலையும் கறுப்புப் பேனாவையும் திணித்துக்கொண்டிருந்தார்.

"திருத்தறவன் பாத்ததும் கண்ணுல ஒத்திக்கணும்டா. பக்கத்துக்குப் பக்கம் நாலு சைடும் மார்ஜின் போடு. ஆன்சருக்கெல்லாம் பாக்ஸ் போடு. அதுலயே பாதி மார்க் வந்துடும்."

அவள் டீத் தட்டை நீட்டினாள்.

போன வருஷமும் இதே நாற்காலி. இதே சித்தப்பா. இதே மார்ஜின். அன்றைக்கு ஸ்கேல் அவள் கையில் இருந்தது.

அவர் சொன்னபடியே அவள் செய்தாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பெண் என்று பேர் வாங்கியவள். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கோடுகள். மை ஈஷிக்கொண்ட இடத்தில் அதை மறைக்க இரட்டைக் கோடு. விடையைச் சுற்றி ஒரு கட்டம், கட்டத்தைச் சுற்றிக் கறுப்பு மையில் இன்னொரு கட்டம். விடைத்தாள் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. மணி அடித்தபோது கடைசிக் கணக்குகள் கேள்வித்தாளிலேயே கிடந்தன.

எல்லாம் தெரிந்த கணக்குகள்.

மூன்று மார்க்கில் போயிற்று. துணைத் தேர்வு வந்த வாரம் அம்மை போட்டுப் படுத்திருந்தாள்.

அப்போதும் சித்தப்பா வந்தார். பொண்ணுக்குக் கவனம் பத்தாது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். கோடு போட்டே பெயில் ஆனேன் என்று யாரிடம் சொல்வது? சிரிப்பார்கள். அவள் சொல்லவில்லை.

இன்றைக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எனக்கும்தான் நாளைக்குப் பரிட்சை, சித்தப்பா."



அம்மா அடுப்படி வாசலில் அப்படியே நின்றாள். அத்தை தன் கையிலிருந்த விபூதிப் பொட்டலத்தைப் பார்த்தாள். சித்தப்பாவின் முகத்தில் நிஜமாகவே வருத்தம் வந்தது. வந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

"அட ஆமாம்மா. மறந்தே போச்சு பாரு." சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பேனாவை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தத் தடவையாச்சும் மார்ஜின ஒழுங்கா போடு."

அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பேனாவை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு மாறனிடம் மட்டும் சொன்னாள். கோடு போட்டு நேரத்தைத் தொலைக்காதே, முதலில் கணக்கை முடி என்றாள்.

"நீயே பெயிலு. நீ எனக்குச் சொல்றியா?"

வேண்டுமென்று சொல்லவில்லை. பயத்தில் சொன்னான். ஆனாலும் அவளுக்கு வலித்தது.

மறுநாள், பரீட்சை ஹால்.

கேள்வித்தாளை ஒரு தடவை படித்து முடித்தாள். எல்லாம் தெரிந்த கணக்குகள்.

கை தானாகப் போய் ஸ்கேலை எடுத்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தாளின் இடது ஓரத்தில் போய்ப் படுத்தது. ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தும் இந்தக் கைக்குப் புத்தி வரவில்லை.

ஆத்திரத்தில் தள்ளிவிட்டாள். ஸ்கேல் டெஸ்க்கிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. ஹாலே திரும்பிப் பார்த்தது.

கண்காணிக்க வந்திருந்த வாத்தியார் அவள் பக்கம் நடந்து வந்தார். குனிந்து ஸ்கேலை எடுத்து டெஸ்க்கில் வைத்தார். நல்ல மனிதராகத் தெரிந்தார். அவளுடைய வெறும் தாளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மார்ஜின் போடலியாம்மா?"

மாறன் அங்கே இந்நேரம் எதைப் போட்டுக்கொண்டிருப்பான்? கோட்டையா, கணக்கையா?

அவள் நிமிரவில்லை.

"நேரம் மிச்சம் இருந்தா போடறேன் சார்."

அவர் நகரும்வரை காத்திருக்கவும் இல்லை. தாளின் விளிம்பிலேயே பேனாவை வைத்தாள்.

முதல் கணக்கு.

சித்தப்பாவின் பேனா நன்றாகத்தான் எழுதியது.