ரெண்டு தலை கேபிள்

"உன் பொண்டாட்டி என் விமானத்தைக் கீழ விழ வச்சுட்டாடா!"

ஆபீஸிலிருந்து வந்தவன் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

அம்மா டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவள் வயதுக்காரர்கள் சீரியல் பார்த்துக்கொண்டிருக்க, அவளுக்குக் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற பைத்தியம் பிடித்துவிட்டது. அவளுக்காகவே மகன் ஒவ்வொரு பாகமாக வாங்கி, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டிக் கொடுத்திருந்தான். பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே நீல விளக்கு.

வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "என் பிள்ளை செஞ்சது" என்று அம்மா காட்டிக் காட்டியே, தெருவில் அவனுக்கு விஞ்ஞானி என்று பெயர் வந்துவிட்டது. அவனும் மறுப்புச் சொல்லவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"ஓடுபாதை கண்ணுக்குத் தெரியுது. இறங்க வேண்டியதுதான் பாக்கி. அப்பப் பார்த்து இவ துடைப்பத்தோட வந்தா. கால்ல ஒயர் மாட்டி, பெட்டியே சாய்ஞ்சு போச்சு. உள்ள ஏதோ கேபிள் பிஞ்சு, எல்லாம் இருட்டு. பயணிங்க அத்தனை பேரும் காலி!"

மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நிஜமாவா?" என்றான்.

"ஆமாங்க. கவனிக்கல."

"கவனிக்கலையாம்! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்றாள் அம்மா.

அவனுக்கும் சுருக்கென்று கோபம் ஏறியது. "எந்தக் கேபிள்னாவது தெரியுமா உனக்கு? திரையில படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டுக்குக் கரண்ட் போற கேபிள். கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது."

"கடையிலிருந்து ஆளைக் கூப்பிட்டு வேற மாட்டியாச்சு."

போய்ப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் ரெண்டு தடிமனான கேபிள்கள், துணி காயப்போட்ட கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

"என்ன கண்ராவி இது? நான் ஒரே கேபிள்ல அழகா முடிச்சிருந்தேன்."

"அவர் இப்படித்தான் மாட்டினார்."

"உனக்கென்ன தெரியும், அழகைப் பத்தி" என்றான். அம்மாவும் தன் பங்குக்கு, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மருமகள் உடைத்த சாமான்களை வரிசையாகச் சொன்னாள். மனைவி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குப்பையைக் கொட்டுவது அவன் வேலை. கூடையைக் கவிழ்த்தபோது, காய்கறித் தோலுக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் உருண்டது. பிரித்தான். அவனுடைய கேபிள்தான்.

எங்கேயும் பிய்ந்திருக்கவில்லை. முனையிலிருந்த பிளாஸ்டிக் உருகி, மெழுகு மாதிரி வழிந்து உறைந்திருந்தது. உள்ளே பின்கள் கரியாகியிருந்தன. கருகின வாடை இன்னும் போகவில்லை.

அந்தக் கார்டுக்கு ரெண்டு இடத்தில் கரண்ட் கொடுக்க வேண்டும். அதற்குத் தனித்தனியாக ரெண்டு கேபிள், பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளையோடேயே வந்திருந்தது. ரெண்டு போனால் கண்ணாடி வழியே அசிங்கமாகத் தெரியுமே என்று, ஒரே கேபிளை ரெண்டு தலையாகப் பிரிக்கிற ஒன்றை வாங்கி மாட்டினான். "ஒரு கேபிள் தாங்குற அளவு கொஞ்சம்தான் சார். கார்டு முழு மூச்சா ஓடினா சூடாகும்" என்று கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். "பார்த்துக்கலாம்" என்று இவனும் சொல்லத்தான் செய்தான்.

பொட்டலத்தோடு நேராகச் சமையலறைக்குப் போனான்.

"இது பிஞ்சு போகல. எரிஞ்சிருக்கு."

மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ம்" என்றாள்.

"நான் செஞ்ச தப்புக்கு நீ ஏன் திட்டு வாங்கினே?"

"போன தடவை குழாயை ரிப்பேர் பண்றேன்னு வீட்டைக் குளமாக்கிட்டு, ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டீங்க. இப்பதான் ஒண்ணு உருப்படியா செஞ்சோம்னு சந்தோஷமா இருந்தீங்க. விடுங்க, கேபிள்தானே. அத்தைகிட்ட போய் எதையும் கிளறாதீங்க."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது பழமொழிதான். அவன் வீட்டில், மகன் உடைத்ததும் மருமகள் கணக்கில் போயிருந்தது.

கிளறித்தான் ஆகவேண்டும் என்று அம்மாவிடம் போனான். அவள் மேகங்களுக்கு மேலே பறந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அவ மேல தப்பே இல்ல. நான் மாட்டின கேபிள்தான் சூடாகி எரிஞ்சிருக்கு. அவ என்னைக் காப்பாத்தறதுக்காக உன்கிட்ட..."

"தெரியும்டா."

"தெரியுமா?"

"புகை வந்தப்போ பெட்டிக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தது நான்தானே. கையும் ஓடல, காலும் ஓடல. அவதான் ஓடி வந்து சுவிட்சை அணைச்சா. இல்லேன்னா திரைச்சீலையும் பத்திக்கிட்டிருக்கும்."

"அப்புறம் எதுக்கும்மா அவளை அந்தப் பேச்சுப் பேசினே?"

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பழியைத் தன் மேல போட்டுக்கறேன்னு சொன்னது அவதான். நான் திட்டாம இருந்திருந்தா, நீ நம்பியிருப்பியா?"