பின்னால் ஒரு ஆள்

"மாமா கடைசியாத்தான் வருவாரு, எழுதி வச்சுக்குங்க," என்று மச்சினன் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டான். அதனால் பாறைப் பாதையில் நடந்த இந்த ஓட்டப்பந்தயம் கொத்தனாருக்கு மானப் பிரச்சினை.

நல்லவேளை, அவருக்குப் பின்னால் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். வளைவுக்கு வளைவு மரத்தடியில் நின்று நின்று வந்தாள். பாவம், மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"அண்ணே, மெதுவாவே போங்க. அவசரமில்ல."

"இந்தத் தந்திரமெல்லாம் நம்மகிட்ட வேணாம்மா!"

முட்டி சிராய்த்து, நாக்குத் தள்ள ஓடி, அவளுக்கு முன்னால் எல்லைக்கோட்டைத் தாண்டினார்.

"பாத்தியா மாப்ளே, எனக்குப் பின்னாடியும் ஒரு ஆளு!"

மச்சினன் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

அவள் வந்து பந்தய அமைப்பாளரின் மேஜைமேல் பையைக் கவிழ்த்தாள். சிவப்பு ரிப்பன்கள் குவிந்தன.

"வழிகாட்டக் கட்டினதெல்லாம் அவுத்தாச்சு சார். கடைசி ஆளும் வந்துட்டாரு, பந்தலைப் பிரிக்கலாம்."