தங்கைக்குப் பின்பாட்டு

ஒலிப்பதிவு அறையின் மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில், ஊரே கொண்டாடும் பாடகி தன் தங்கையின் முதல் பாட்டுக்குப் பின்குரல் கொடுக்க நிற்கிறாள். எவ்வளவு அடக்கினாலும் அவள் குரல்தான் முந்திக்கொண்டு வருகிறது. “அக்கா, இன்னும் கொஞ்சம் பின்னாடி போங்க,” என்கிறார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒலிப்பதிவாளர். கம்பளத்தில் வெறுங்காலோடு பின்னே பின்னே நகர்கிறாள். முதுகில் சுவர் முட்டுகிறது. சத்தம் கேட்கக்கூடாதென்று வளையல்களைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொள்கிறாள். ஹெட்போனில் தங்கையின் குரல் மெல்ல எழுகிறது. இத்தனை வருடமும் அக்கா வீட்டில் இல்லாதபோது மட்டும் பாடிய குரல். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே நிற்கிறாள். பாட்டு முடிகிறது. “இப்பதான்க்கா ரெண்டு குரலும் சரியா கலந்திருக்கு,” என்கிறார் அவர். முன் மைக்கில் நிற்கும் தங்கை திரும்பிச் சிரிக்கிறாள். தான் வாயே திறக்கவில்லை என்பதை அக்கா சொல்லவில்லை. பொத்திய கைக்குள் வளையல்கள் கதகதப்பாக இருக்கின்றன.