அலகோடு சொல்

பாலை அடுப்பில் வைத்தான். பல் தேய்த்தான். மச்சினியின் சீருடைக்கு இஸ்திரி போட்டான். மாமியாருக்குச் சர்க்கரை இல்லாமல் காபி கலந்தான்.

கூடத்தில் மச்சினி ஆரம்பித்திருந்தாள். விசை, நியூட்டன். வேலை, ஜூல். திறன், வாட். அழுத்தம்...

அழுத்தத்தில் நின்றுவிட்டாள்.

நேற்றுவரை தண்ணீர்பட்ட பாடாக ஒப்பித்தவள். இன்று பரீட்சை.

மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் முட்டி நின்றாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

எல்லாம் அக்காவிடம் படித்தது. அந்த அக்கா, அவன் மனைவி, பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அலகு இல்லாத விடைக்கு வீட்டிலும் பூஜ்யம்தான் போடுவாள். வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டு அவன் பத்து என்றால், பத்து என்ன, யானையா என்பாள்.

போன மழைக்காலத்தில் இந்த வீட்டில்தான் செத்துப்போனாள்.

மாமியார் காபியை வாங்கிக்கொண்டு வழக்கமானதைச் சொன்னாள். சாகும்போது பெரியவள் கேட்டது ஒன்றே ஒன்று, தங்கச்சி முதல் மார்க் வாங்க வேண்டும் என்பது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அழுகையோடு அழுகையாக மாமியார் வாயில் வந்த வாக்கியம் அது. கடைசி நேரத்தில் அறையில் இருந்தவன் அவன் மட்டும்தான். பெற்றவளை மறுத்துப் பேச அவனுக்கு நா எழவில்லை.

மாமியார் உள்ளே போனாள். மச்சினி புத்தகத்தை மூடினாள். இஸ்திரிச் சூடு ஆறாத சீருடையை அவனிடமே நீட்டினாள்.

"நான் போகலை மாமா. அக்கா கடைசியா கேட்டதைக் கெடுத்துட்டு வந்து நிக்கிறதுக்கு, போகாமலே இருந்துடறேன்."

அவளையும் இழந்துவிடுவோம் என்று அவனுக்குத் தோன்றியது.

தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அக்கா அப்படி எதுவும் கேட்கவில்லை என்றான்.

அன்றும் நீ இங்கே உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாய் என்றான். அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவளுக்குத் தொந்தரவாக இருக்குமே என்று சாத்தப் போனேன். கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மச்சினி அவன் முகத்தையே பார்த்தாள்.

அக்கா உண்மையில் கடைசியாகச் சொன்னதை, சொன்ன மாதிரியே சொன்னான்.

"தப்பா சொல்றா. நீங்க போய்த் திருத்தாதீங்க, அவளே கண்டுபிடிச்சிடுவா."