ஆறு மணிக் குளியல்

"அண்ணி, அம்மா குளிக்க ஆரம்பிச்சாச்சு போல! எழுபது... எண்பத்தஞ்சு... அடேங்கப்பா, ஃபேனே ஓட ஆரம்பிச்சிடுச்சு!"

போனில் நாத்தனார் சிரித்தாள். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மணி ஆறு. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வெந்நீர் கொட்டும் சத்தம்.

"ஆமா, இப்பத்தான்" என்றாள்.

கடல் கடந்த ஊரில் படுத்துக்கொண்டு அம்மா குளிப்பதை ஒருத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். ஆனால் அவள்தான் என்ன செய்வாள், பாவம்! இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியிருக்கிறது. எட்டாம் மாதம். கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டார். பொழுதன்னைக்கும் கையில் போன்தான் துணை.

அம்மாவுக்கு வீசிங். காற்றில் ஈரம் கூடினால் மூச்சு இழுக்கும். அதனால் போன லீவில் வந்தபோது மகளே வீடு முழுக்க சென்சார் மாட்டிவிட்டுப் போனாள். குளியலறையில் ஈரப்பதம் எண்பதைத் தாண்டினால் ஃபேன் ஓடும். அம்மா படுக்கும் அறையில் அறுபதைத் தாண்டினால் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஓடும். எல்லாம் மகளின் போனில் கோடு கோடாகத் தெரியும்.

அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிற ஆளே இல்லை. எல்லாவற்றையும் இறுகச் சாத்திக்கொண்டுதான் படுப்பாள். ராத்திரி தவறாமல் மெஷின் ஓடும். விடிந்து பார்த்தால் அதன் டப்பாவில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"நான் விடுற மூச்சைப் புடிச்சுத் தண்ணியா வடிக்குதாடி உன் மெஷினு? நான் எப்பக் குளிக்கிறேன்னு வேற அங்கேருந்து வேவு பார்க்கிறியா? இது வீடா, ஜெயிலா? இதையெல்லாம் கழட்டுற வரைக்கும் என்கூடப் பேசாதே!"

அம்மா அப்படிக் கத்திவிட்டுப் போனை வைத்துப் பதினோரு நாள் ஆகிறது. அதன்பிறகு மகளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"கோபம் இன்னும் இறங்கலையா அண்ணி?"

"உங்கம்மாவைப் பத்தி உனக்குத் தெரியாதா? புடிச்சா புடிதான்."

"சரி விடுங்க. போனைக் கொண்டுபோய் அவங்ககிட்ட நீட்டிடாதீங்க, எரிஞ்சு விழுவாங்க. பேரப்புள்ளை பொறந்தா தன்னால வழிக்கு வருவாங்க. தினமும் எழுந்து குளிக்கிறாங்களே, எனக்கு அது போதும்."

"உடம்பைப் பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லி அண்ணி போனை வைத்தாள். பிறகு போய்க் குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"போதும், தண்ணியை நிறுத்துங்க."

சரியாக நாற்பத்தைந்து நாள் கழித்து நாத்தனாரின் கணவரிடமிருந்து போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். ஆண்டவா என்று அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நாத்தனாரே கூப்பிட்டாள். அண்ணன் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான். சொல்ல வேண்டியதை ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தான்.

"குட்டிம்மா... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்கோ. நம்ம அம்மா..."

"போயிட்டாங்க. அதானேண்ணா?"

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டாள். போனுக்குள் குழந்தை சிணுங்கியது.

"உனக்கு... உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. புள்ளை நல்லபடியா வரட்டும்னு நீங்க நடிச்சீங்க, நானும் நடிச்சேன்." அவள் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. "நாளையிலேர்ந்து வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டுட்டு வெறும் பாத்ரூம்ல நிக்காதேண்ணா. அம்மா குளிக்கிற ரூமை ஞாபகம் வச்சிருந்தே, அவங்க மூச்சு விடுற ரூமை மறந்துட்டே... அங்கே அந்த மெஷின் ஓடி ஐம்பத்தேழு நாளாச்சு."