புகைச் சோதனை

சுவிஸின் எம்மன்புரூக்கேயில் ஒரு கராஜ். தம்பித்துரையின் பழைய கார் உறுமியபடி நிற்க, அதன் புகைக்குழாய்க்குள் மெக்கானிக் ஒரு கம்பியைச் செருகுகிறான். கண்ணூறு படக்கூடாதென்று மனைவி தில்லைநாயகி முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் நடுங்குகிறது. கம்பியோடு இணைத்த மீட்டரில் சிவப்பு விளக்கு எரிகிறது. இந்தப் புகை காற்றைக் கெடுக்கும், இனி இதை ஓட்டக்கூடாது என்று மெக்கானிக் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொல்கிறான். "அப்ப விடியப்புறம் வேலைக்கு என்னெண்டு போவியள்? அந்த நேரம் பஸ்ஸும் இல்லையே," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் தில்லைநாயகி. தம்பித்துரைக்குப் பதிலுக்கு முந்தி இருமல் வருகிறது; இரும்பு வார்க்கும் உலையடியில் வருசக்கணக்காய் விழுங்கிய புகை. வாயைப் பொத்திய கைக்குட்டையை, அந்த லேஞ்சியை, எடுத்துப் பார்க்கிறான். கறுப்பு. மெக்கானிக் கம்பியை உருவிப் பக்குவமாய்த் துடைக்கிறான். "இஞ்சரும், காருக்கெண்டால் உள்ளுக்க என்ன கிடக்கெண்டு பாக்கிறாங்கள்," என்றபடி லேஞ்சியை மடிக்கிறான் தம்பித்துரை.